பூட்டு என்னிடம், சாவி அவனிடம்

அக்கா,

காலையில் கடைக்குப் போகலாம் என்று ஆணியில் மாட்டியிருந்த உங்கள் துணிப்பையை எடுத்தேன். இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்தும் அவரைக்காய் வாசனை போகவில்லை. அடியில் அந்தப் பித்தளைப் பூட்டு கனத்தது. நீங்கள் இறந்த பிறகு உங்கள் வீட்டுக்காரர் லிங்கராஜபுரம் வரை பஸ் ஏறி வந்து, "இது உங்க சாமானாம், கொடுக்கச் சொன்னா" என்று கொடுத்துவிட்டுப் போன பை. காபி குடிக்கக்கூட அவர் உட்காரவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "ஆபரேஷன், ஸ்வல்ப நாள் லீவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் தேறி வந்ததும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் இந்த மடல் அதைப் பற்றியது இல்லை, அவனைப் பற்றியது. நான் பழி வாங்கிவிட்டேன் அக்கா. உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனேக்கல்லில் அவனோடு குடித்தனம் நடத்திய ஆறு வருடமும் அவன் காலையில் ஃபாக்டரிக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனான். சாயந்தரம் வந்து திறந்தால் அடி. ஒருநாள் பூட்டப்போகும் நேரத்தில் அவனுக்குப் போன் வந்தது. திறந்த பூட்டை நாதாங்கியில் தொங்கவிட்டுவிட்டு, பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போனான். நான் நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, அந்தப் பூட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, பின்சந்து வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து அதை அமுக்கினேன், பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அது திறந்ததில்லை. சாவி அவனிடம்.

தங்கைதான் என்னை உங்களிடம் இழுத்து வந்தாள். மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில், கவுன்சிலிங் என்று சின்ன போர்டு மாட்டிய அறை. என் நாற்காலியைக் கதவோரம் போட்டீர்கள், கதவைச் சாத்தவில்லை. கீழே கடையில் யார் இருமினாலும் மேலே கேட்டது. "கதவு தெறந்தே இருக்கட்டும். எப்ப போணும்னாலும் எந்திரிச்சுப் போ, என்னைக் கேக்க பேடா, கேக்க வேணாம்" என்றீர்கள் உங்கள் கன்னடத் தமிழில். இரண்டு வாரம் நான் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் இந்தப் பையிலிருந்து, கொட்டைக்காக உரிக்கிற அவரைக்காயை மேசையில் கொட்டி, "பேச வேணாம், உரி. எங்க வீட்ல இன்னிக்கு இதான் சாரு, உங்க கொழம்பு" என்றீர்கள். படித்துப் பட்டம் வாங்கியவர் வீட்டு வேலையை என் தலையில் கட்டுகிறாரே என்று நினைத்தேன். பாதிக் காய் உரிப்பதற்குள் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

மன்னிச்சிடும்மா என்று சொல்லாதவர் எங்கள் தெருவில் இல்லை. சர்ச்சில் சொன்னார்கள், சொந்தத்தில் சொன்னார்கள், அம்மா அழுதுகொண்டே சொன்னாள். நீங்கள் ஒருவர்தான் சொல்லவில்லை. நான் பூட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "இங்கயே இருக்கட்டும்" என்று காகிதம் பறக்காமல் மேலே வைத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பழியோடு வந்தேன். அவன் பைக்கைக் கொளுத்துவேன் என்றேன். சட்டைக்குள் அரிப்பெடுக்கப் பூனைக்காலிப் பொடி தூவுவேன் என்றேன், அதற்கு நீங்கள் சிரித்தே விட்டீர்கள். அதே வீட்டில், இதே பூட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனை உள்ளே வைத்துப் பூட்டுவேன், என் சத்தத்தைக் கேட்டும் கேளாமல் போன அக்கம்பக்கம் அவன் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு போகட்டும் என்றேன். அதற்கு நீங்கள் சிரிக்கவில்லை.

"செஞ்சிட்டு யார்கிட்ட வந்து சொல்லுவே?" என்று கேட்டீர்கள்.

"உங்ககிட்டதான்."

"நான் ஜெயிலுக்கெல்லாம் வரமாட்டேன், பஸ் வசதி இல்ல. இங்க வந்து சொல்ற மாதிரி ஏதாவது செய். அப்புறம், தனியா செய்யாதே."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். தூக்கம் வந்தது. கதவு சாத்திய அறையில் இருக்க முடிந்தது. கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது, தொம்மலூரில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஆனேன். கோபம் மட்டும் தன் இடத்தில் சௌக்கியமாக இருந்தது.

போன மாதம் ஒரு போன். "சிஸ்டர், ஆனேக்கல்லேர்ந்து பேசுறேன். என் தங்கச்சிய உங்க பழைய வீட்டுக்காரருக்குப் பேசிட்டிருக்கோம். தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்குள்ள என்ன பிரச்சனைன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்." பெண் கொடுப்பவர்கள் நாலு இடத்தில் விசாரிப்பது நம்மிடம் வழக்கம்தான். ஆனால் என் நம்பரைக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? அவனேதான். கோர்ட் காகிதத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, "அவ நல்லவதான், யாரப் பத்தியும் வாயே தெறக்க மாட்டா, வேணும்னா கேட்டுக்குங்க" என்றிருக்கிறான். ஆறு வருடம் வாய் திறக்காதவளைத்தானே அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பெண்ணும் வரவேண்டும் என்றேன். அந்த வாரம் முழுக்க எத்தனை பொய் கோத்தேன் தெரியுமா? குடிப்பான், வேறு தொடுப்பு இருக்கிறது, வெளியே சொல்ல முடியாத வியாதி இருக்கிறது. பஸ்ஸில் ஒத்திகை, ஆபீஸ் லிஃப்டில் ஒத்திகை. இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்து அவனை ஊர் சிரிக்க வைக்க நாக்கு துடித்தது.

தனியாகச் செய்யாதே என்றீர்களே, தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அண்ணன்காரர் வந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார். பெண் தலை குனிந்திருந்தாள். "வாழப்போறது அவங்க. அவங்களே கேக்கட்டும்ண்ணா" என்று அவருக்குக் கீழே டீக்கடையைக் காட்டினேன். அவள் நாற்காலியைக் கதவோரம் நகர்த்தினேன். கதவைத் திறந்தே வைத்தேன். தங்கை வாங்கி வைத்திருந்த அவரைக்காயை அவள் முன்னால் கொட்டி, உரிக்கச் சொன்னேன். அதன் பிறகு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை அக்கா. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கடைசியில் பூட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவள் கை நின்றது. "அவர் சாவிக்கொத்துல ஒரு பழைய பித்தள சாவி தொங்குதுக்கா. பொண்ணு பாக்க வந்தப்போ என்ன சாவின்னு கேட்டேன். நல்ல பூட்டு, தொலஞ்சிடுச்சு, அதே மாதிரி ஒண்ணு வாங்கணும்னு சொன்னார்."

தங்கை எழுந்து அவள் தோளில் கை வைத்தாள். அண்ணன் டீ குடித்துவிட்டு வரும் வரை நாங்கள் மூன்று பேரும் உரித்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் நாள் அவன் போன் செய்தான். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். "வேணாம்னுட்டாங்க. எல்லாம் உன் வேலைதான? என் வாழ்க்கையக் கெடுத்தது நீதான?"

"ஆமா, நான்தான்" என்றேன்.

அவன் கத்திய கத்தல் முழுவதையும் நின்று கேட்டேன். இனித்தது அக்கா, உங்களிடம் மறைக்கமாட்டேன். "பூட்டு எங்கிட்டதான் இருக்கு. சாவிய நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அன்று மத்தியானம் கேன்டீனில் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன்.

சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தானாக உங்கள் மாடிப்படிக்குப் போய்விட்டது. மெடிக்கல் கடை அப்படியே இருக்கிறது. மேலே உங்கள் அறையில் இப்போது டியூஷன் நடக்கிறது, கதவைச் சாத்தியிருந்தார்கள். இங்கே வந்து சொல்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு வந்தால், கேட்க நீங்கள் இல்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். அங்கேதான் அந்தப் பெண்ணின் போன் வந்தது. "அவர் உங்களுக்குப் போன் பண்ணாராக்கா? என்ன சொன்னார்? நீங்க என்ன சொன்னீங்க?" அந்தப் படியிலேயே உட்கார்ந்து அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. இன்னொரு வீட்டுக்கு அவன் பெண் பார்க்கப் போனால் அங்கேயும் போய் இந்தப் பூட்டை வைப்பேன். அதற்காகத்தான் இதைப் பையிலேயே வைத்திருக்கிறேன், கனத்தால் கனக்கட்டும்.

இன்று சனிக்கிழமை. நல்ல இடத்தைக் கெடுத்துக்கொண்டாய் என்று வீட்டில் அந்தப் பெண்ணைப் போட்டு வறுக்கிறார்களாம். வரட்டுமா அக்கா என்று கேட்டாள். நாற்காலியைக் கதவோரம் போட்டுவிட்டேன். அவரைக்காய் வாங்கத்தான் உங்கள் பையை எடுத்தேன்.