கரைக்கு இழுத்து வந்தவன் நீதான்

என் அன்பு மச்சான் சேவியருக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். பதுளைக் கோயிலில் உனக்காகப் பூசை வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கொடுப்பதற்கு உன் மனைவி ஸ்டெல்லா ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறாள். உன் படம், செபம், பிள்ளைகள் எழுதியது எல்லாம் சேர்த்தாயிற்று. போன மாதம் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு பக்கம் ஒங்களுக்குத்தான். கடல்ல நீங்க அவரக் காப்பாத்துனீங்கல்ல, அத எழுதுங்க. பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் தாள் வெறுமையாகவே கிடந்தது. அந்தக் கதையை வாயால் சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. கையால் எழுத வரவில்லை.

அதனால் நடந்ததை எழுதுகிறேன் மச்சான். உனக்குத் தெரியாதது இதில் அநேகமாக எதுவும் இருக்காது. இதைப் படிக்கப் போகிறவர்களுக்குத்தான் தெரியாது.

நான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். உன் தங்கச்சி ரீட்டா பதுளை டவுனில் பிறந்தவள். வாத்தியார் வீட்டுப் பெண். நாங்கள் விரும்பிக் கலியாணம் முடித்தபோது, நான் உங்கள் கோயிலுக்குப் போகாதவன் என்பதை விட, லயத்தான் என்பதுதான் உங்கள் அம்மாவுக்குப் பெரிதாகப் பட்டது. அத்தை ஒன்பது வருஷம் என் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒன்பது வருஷமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் நீ. வெலிமடையில் நான் சின்னதாக ஹார்ட்வெயார் கடை போட்டபோது, பண்டாரவளையில் உன் கடைக்கு வந்த சாமானைப் பாதியாகப் பிரித்து லொறியில் ஏற்றி அனுப்பியதும் நீதான்.

பெயின்ட் கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு கப்பலில் அனுப்பிய அந்த வருஷம், இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. சிங்கப்பூரில் ஏறி மூன்று தீவுகளில் இறங்கி வரும் பயணம். மற்றவர்கள் எந்தச் சட்டை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்க, நீ ஒரு கொப்பியை வாங்கி, தீவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாய்.

"கப்பல்காரன் கூட்டிப் போற டூர் வேணாம் மச்சான். அம்பது பேர ஒண்ணாத் தண்ணியில எறக்கி, விசில் ஊதி ஏத்திருவான். மீனு ஓடிப்போயிரும். நாம தனியாப் போவோம்."

பதுளு ஓயாவில் நீந்தி வளர்ந்தவன் நீ. ஞாயிறு பூசை முடிந்தால் பகல் சாப்பாட்டுக்கு முன் ஆற்றில் இருப்பாய். முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் பார்க்க வேண்டும் என்பது உனக்குப் பல வருஷத்து ஆசை. எங்கே வாடகைப் படகு கிடைக்கும், எந்தக் கரையில் பவளம் கிட்டத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றும் என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதினாய். கப்பல் நேரம் வேறு, தீவு நேரம் வேறு, கைக்கடிகாரத்தை மாற்றக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். கப்பலுக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் மிச்சம் வைத்திருந்தாய். யாரும் தனியாக இறங்கக் கூடாது. பயம் வந்தால் தண்ணீர்மேல் மல்லாந்து படுக்க வேண்டும். இதெல்லாம் கொப்பியில் இருந்தது.

உன் கடைப் பின்பக்கம் நீல பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதில் முகத்தை விட்டுக் குழாயில் மூச்சு விட்டுப் பழகினோமே, ஞாபகம் இருக்கிறதா? பண்டாரவளைக் குளிரில் முகம் மரத்துப்போகும். கடைப் பையன்கள் சிரிப்பார்கள். மீசை இருந்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும் என்று படித்துவிட்டு, நீ இருபது வருஷத்து மீசையை எடுத்துவிட்டாய். என்னையும் எடுக்கச் சொன்னாய். மாட்டேன் என்றேன்.

அப்போது இன்னொன்றும் சொன்னேன். "நான் உமா ஓயாவுல நீஞ்சுனவன் மச்சான், எனக்கு இதெல்லாம் பெரிசில்ல" என்றேன். ரீட்டா பக்கத்தில் நின்றாள். உமா ஓயாவில் நான் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதே இல்லை. நீ நம்பினாய்.

முதல் தீவில் ஆழம் இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி முகத்தை மட்டும் முக்கிப் பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாக மீன்கள் என் முழங்காலைச் சுற்றிப் போயின. நீ நீந்திப் போய்த் திரும்பி வந்து, குழந்தை மாதிரி கைகாட்டிக் கைகாட்டிப் பேசினாய். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது தீவில், உன் கொப்பியில் இருந்தபடி, காலையிலேயே படகு பேசி ஒரு சின்னக் கரைக்குப் போனோம். ஸ்டெல்லாவும் ரீட்டாவும் மர நிழலில் உட்கார்ந்தார்கள். நீ மிதவைச் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"போட்டுக்க மச்சான்."

"அது எதுக்கு? வேணாம்."

ரீட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஒரு நிமிஷம் யோசித்தாய். நான் போடாததால் உன்னுடையதையும் மணலில் வைத்துவிட்டாய். "சரி, என் பக்கத்துலயே வா" என்றாய்.

காலில் மாட்டிய துடுப்பால் உதைத்து உன் பின்னால் வந்துவிட்டேன். பவளப் பாறையை நெருங்கும்போது மீசைப் பக்கமாகக் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது. மூக்கில் ஏறியது. நிற்கலாம் என்று காலைக் கீழே விட்டேன். தரை இல்லை. வாயில் இருந்த குழாய் போய்விட்டது, உப்புத் தண்ணீரைக் குடித்தேன். நீ திரும்பி வந்தாய். உன் கழுத்தைப் பிடித்தேன். பிறகு உன் தோளில் கால் வைத்து ஏறினேன்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது.

எவ்வளவு நேரம் உன்னை அப்படி அமுக்கி வைத்திருந்தேன் என்று தெரியாது. நீ இன்னும் ஆழத்துக்கு இறங்கி என் பிடியிலிருந்து விடுபட்டாய். பின்பக்கமாக வந்து என் தாடையைப் பிடித்து என்னை மல்லாத்தினாய்.

"வானத்தப் பாரு மச்சான். ஒதறாத. நான் புடிச்சிருக்கேன்."

கரை வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். மல்லாந்து வந்ததால் எனக்கு மூச்சு வந்துவிட்டது. நான் அமுக்கியதில் தண்ணீரைக் குடித்து, அதோடே என்னை இழுத்து வந்தவன் நீ. அதனால் கரையில் நான் எழுந்து நின்றேன். நீ முழங்காலில் விழுந்து வாந்தி எடுத்தாய்.

பெண்கள் இருவரும் ஓடி வந்தார்கள். தூரத்திலிருந்து அவர்களுக்கு இரண்டு தலை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"என்னங்க ஆச்சு? அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் ரீட்டா.

அவள் கேட்டதே, மூழ்கியது நீதான் என்பது மாதிரி இருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. "ஒண்ணுமில்ல, அண்ணனுக்கு மூச்சு முட்டிருச்சு. இழுத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

ரீட்டா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஸ்டெல்லா என் காலைத் தொட வந்தாள். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். பிறகு உன் தங்கச்சியைப் பார்த்தாய்.

"ஆமா ரீட்டா. மச்சான் இல்லேன்னா போயிருப்பேன்."

ஏன் அப்படிச் சொன்னாய்? உன் தங்கச்சிக்காகவா? எனக்காகவா? கேட்கும் தைரியம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

மூன்றாவது தீவில் நாம் இறங்கவில்லை. கொப்பியில் அந்தப் பக்கம் நிறைய எழுதியிருந்தாய். கப்பல் மேல்தட்டில் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாய். கரையில் மற்றவர்கள் நீந்துவது அங்கிருந்து தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் கதை நமக்கு முன்னால் பதுளைக்குப் போயிருந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் உட்கார வைத்துத் தன் கையால் பரிமாறினார். "சாப்பிடுங்க மருமகனே" என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன் மச்சான். எதிரே உட்கார்ந்து நீயும் சாப்பிட்டாய்.

அதே வாரம் ஸ்டெல்லா உன்னிடம் பைபிளில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். இனித் தண்ணீரில் இறங்குவதில்லை என்று. கடலில் மட்டுமில்லை, ஆற்றிலும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் ஆறு உன்னிடம் இருந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொன்னால் அத்தை வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் போய்விடும். நீ சத்தியம் செய்தாய்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தாய். குடும்பமாக ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பாய். பிள்ளைகள் கேலி செய்வார்கள். நீயும் சிரிப்பாய். ஒருநாள் தாங்க முடியாமல் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"மச்சான், சொல்லிரட்டுமா?"

"இப்ப எதுக்கு? அவ சந்தோசமா இருக்கா. விடு."

விட்டுவிட்டேன். விடு என்று நீ சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் என்னால் இன்று வரை தாங்க முடியாதது.

உன் நெஞ்சு நின்றுபோய், உன்னை அடக்கம் செய்த அன்று, பெட்டியைத் தூக்கும்போது தலைப்பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். "அன்னைக்குக் காப்பாத்துன கை" என்று உன் சித்தப்பா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

போன புதன்கிழமை ரீட்டாவிடம் சொன்னேன். கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தவன், சாப்பிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணன் தண்ணிக்கடியில எவ்வளவு நேரம் இருந்தாரு?"

தெரியாது என்றேன். அவள் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு பதுளையில் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த நாள் பண்டாரவளைக்குப் போனேன். உன் கடையை இப்போது ஸ்டெல்லாதான் பார்க்கிறாள். பில் போடுவதில் உன்னை விடக் கெட்டி. பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, அவர ஆத்துல எறங்க விடாம வச்சது நானா அண்ணே?" என்றாள்.

"நீ இல்லம்மா. நான்" என்றேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வைது தீர்ப்பாள் என்று போனேன். அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் பொய் கடைசியில் போய் விழுந்த இடத்தைப் பார்த்தாயா மச்சான்?

புறப்படும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எழுதுங்க. ஒண்ணையும் விடாம எழுதுங்க. அச்சுல போடுறேன்."

நேற்று ரீட்டா போன் எடுத்தாள். பூசை ஒன்பது மணிக்கு என்றாள். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்க. அம்மா முன்னாடி, எல்லாரும் இருக்கும்போது, நீங்களே வாசிங்க" என்றாள். எப்போது வீட்டுக்கு வருவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

வாசிக்கிறேன் மச்சான். உன் தோளில் கால் வைத்த வரியில் குரல் நின்றாலும், திரும்ப அந்த வரியிலிருந்தே தொடங்கி வாசிக்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் எனக்கு இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உயிருள்ள வரை யார் அந்தக் கதையை எடுத்தாலும் நிறுத்தி, நடந்ததைச் சொல்வேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

இப்படிக்கு,
நீ கரைசேர்த்த உன் தங்கச்சி புருஷன்,
முருகேசு
வெலிமடை