கிணற்றுத் தண்ணீரின் சிவப்பு

1991, ஆனி, செவ்வாய்க்கிழமை இரவு.

மேனேஜர் வீட்டில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் வாராவாரம் கொஞ்சம் கடல் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் என்கிற அந்த நஞ்சு இறங்கவே இல்லை. வெயிலில் தொட்டி வற்றும்போதெல்லாம் பிள்ளைப்பாக்கத்து எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். மேனேஜரின் வீட்டு அம்மா இன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரையே சோதித்தார். சொட்டு மருந்து விழுந்ததும் குப்பியில் தண்ணீர் ரத்தச் சிவப்பானது. மருந்துப் பெட்டியிலிருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. நிறம் தெரியும்; சிவக்கச் சிவக்க நஞ்சு அதிகம்.

"வயலுக்குப் போட்ட யூரியா கிணத்துல எறங்கியிருக்கு தாத்தா. இனிமே இத ஊத்தாதீங்க."

"காய்ச்சி ஊத்தனா?"

"காய்ச்சினா இன்னும் ஜாஸ்தியாகும்."

"எங்க வூட்ல எம் பொண்ணு கொயந்திக்கு இதுலதாம்மா மாவுப்பால் கலக்கறாங்க."

அவர் குப்பியைக் கீழே வைத்தார். "கைக்கொழந்தைக்கு இது ரத்தத்தையே கெடுத்துடும். உதடு நீலமாச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

அந்தக் கிணற்றைச் சுற்றி யூரியா தெளித்தவன் நான்தான். முதல் மூட்டையை எந்த மடையோரம் பிரித்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"தொட்டி கழுவப் போயி டாக்டராயிட்டியா நைனா? நானே இந்தத் தண்ணி குடிச்சித்தான வளந்தேன்?"

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊருக்கு யூரியா வரவில்லை.

அவள் ஷிஃப்டுக்குப் போனதும் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தேன். அந்த அம்மா சோதித்துக் கொடுத்த கேன் தண்ணீரில் பால் கலந்தேன். விளக்கைத் தூக்கிக் குழந்தையின் உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் தெரிகிறது. இந்த விளக்கு வெளிச்சத்தில் என் கிழட்டுக் கண்ணை நம்ப முடியவில்லை. இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன்.