கெவினுக்கு நான் கொடுக்காத மூன்று புள்ளி

இன்று தேநீர் நேரத்தில் எங்கள் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்க்கும் பெண் ஒரு தோடம்பழத்தை நாலு துண்டாக வெட்டினாள். நான் மேசையில் குனிந்து ஒரு பாலத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். சிட்னியில் நல்ல வெயில். எனக்கோ சப்பாத்துக்குள் ஈரம் ஊறுவது போலவும், பக்கத்தில், நண்பரே, நீர் நின்று மூக்கை உறிஞ்சுவது போலவும் இருந்தது.

நீர் அதை ஆரஞ்சு என்பீர். மெல்பேர்ணில் நாம் ஆட்டம் பார்த்த நாட்களில், இடைவேளையில் விளையாட்டுக்காரருக்கென்று வாளியில் கொண்டுவரும் துண்டுகளில் இரண்டை, வேலிக்கு மேலால் கையை நீட்டி எடுப்பீர். ஒன்று உமக்கு, ஒன்று எனக்கு. எனக்கு வெட்கமாக இருக்கும். "நாம கத்துத கத்துக்கு ஒரு துண்டு பழம் தரமாட்டானா வே?" என்று கேட்டு, தோல்வரை கடித்துத் தின்பீர்.

நீர் இறந்து ஒரு வருடமாகப் போகிறது. அதை நான் அறிந்தது பிந்தித்தான். அதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் மெல்பேர்ணுக்கு வந்தபோது எங்கள் நாட்டின் பெயர் மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிளேட்டனில் ஆராய்ச்சி மாணவன். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளெல்லாம் பூட்டிவிடும். தெருவில் ஒரு சனம் இருக்காது. அறைக்குள் இருக்கமுடியாமல் நடக்கப் போவேன். அப்படி நடந்த ஒரு நாள், ஒரு பூங்காவுக்குள் பச்சைச் சட்டையும் மஞ்சள் சட்டையும் சேற்றில் ஹொக்கி விளையாடிக்கொண்டிருந்தன. பார்க்க இருபது பேர் வந்திருப்பார்கள். திடீரென்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல், "ஏலே, எடதுல ஆளு நிக்காம்லா! தள்ளி விடுலே!" என்றது.

பதினொரு கிழமையாக நான் தமிழ் கேட்கவில்லை. என் காலிரண்டும் நின்றுவிட்டன. கிட்ட வந்து, "நீர் தமிழோ?" என்று கேட்டேன். நீர் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்து, "நீரு எந்த ஊரு வே?" என்றீர். யாழ்ப்பாணம் என்றேன். கோவில்பட்டி என்றீர். இருவர் ஊரிலும் 'நீர்' உண்டு என்பது தெரிந்து அன்று இருவருமே சிரித்தோம். கொழும்பில் படித்த காலத்தில் சந்தித்த இந்தியத் தமிழர்கள் என் பேச்சைக் கேட்டு மலையாளமா என்று கேட்பார்கள். நீர் கேட்கவில்லை. "ஹொக்கின்னா சொல்லுதீரு? ஹாக்கி வே, ஹாக்கி" என்று மட்டும் திருத்தினீர். நான் திருந்தவில்லை.

அதன்பின் மூன்று குளிர்காலம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வேலி. நீர் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையிலிருந்து வந்து ஒரு கார்த் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தீர். மனைவியும் மகளும் ஊரில் விசாப் பத்திரங்களுக்குக் காத்திருந்தார்கள். இதைப் பற்றியெல்லாம் நாம் அதிகம் கதைக்கவில்லை. நாம் கதைத்தது பச்சைச் சட்டைக்காரரைப் பற்றி. ஏன் தோற்றார்கள், கோல்காவலனை மாற்றலாமா, போன வருடம் மேல் பிரிவுக்கு ஏறியவர்கள் இந்த வருடம் இறங்கிவிடுவார்களா என்று. ஆட்டம் முடிந்ததும் நீர் சிகரெட் பெட்டியைக் கிழிப்பீர். அதன் உட்பக்கத்தில் உம்முடைய மூன்று பேர், என்னுடைய மூன்று பேர். அன்றைய சிறந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று. கழகத்தில் நடுவர்கள் கொடுப்பதும் இப்படித்தான். பருவம் முடிய அதைக் கூட்டித்தான் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரர் என்ற பதக்கம் கொடுப்பார்கள். ஒரே ஆள் சிறந்தவனாகவும் நேர்மையானவனாகவும் இருக்க முடியுமா என்று நாம் ஒரு மழைநாள் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம். நான் ஒரு பெயரைச் சொன்னால், "ஏன்னு சொல்லும்" என்பீர். காரணம் சொல்லாமல் உம்மிடம் ஒரு புள்ளி கூட வாங்க முடியாது.

கெவினைப் பற்றி மட்டும் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. நடுக்களத்தில் விளையாடிய மின்வேலைப் பயிலுநன், மெலிந்த பெடியன். பந்து அவனிடம் வந்தால் ஆட்டமே ஒருதரம் மூச்சு விட்டுத் தொடங்கும். மூன்றாவது பருவம் முழுக்க நீர் மூன்று போட்டால் நானும் மூன்று போட்டேன்.

பருவம் முடிய இரண்டு ஆட்டம் இருந்தபோது கதை வெளிவந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிவப்புச் சட்டைக் கழகம் கெவினைக் கேட்டிருந்தது. இந்த நாட்டில் அப்போது ஹொக்கிக்கு ஒப்பந்தமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் சிவப்புக் கழகத்தின் தலைவருக்குச் சொந்தமாக ஒரு மின்கடை இருந்தது. கெவினுக்கு நிரந்தர வேலை, கடைக்கு மேலே ஒரு அறை. அவன் ஓம் என்று சம்மதித்துவிட்டான். பச்சைக் கழகச் செயற்குழு கூடிப் பதக்கத்தை வேறொருவனுக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தது. அதுவரையான நடுவர்களின் புள்ளியில் கெவின்தான் முதல் என்பது அந்த வேலியில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அன்று நீர் கோபத்தில் சிகரெட் பெட்டியைக் கிழிக்கவேயில்லை. "புள்ளி போட்டாச்சுன்னா போட்டாச்சு. இவனுவ யாரு வே அதை மாத்த?" என்றீர்.

நான், "செய்தது சரிதான் ஐசே. வளத்துவிட்ட கழகத்தை விட்டிட்டுப் போறவனுக்கு என்ன பதக்கம்? துரோகம் அது" என்றேன்.

அப்போதுதான் உம்முடைய கதையைச் சொன்னீர். இத்தனை நாள் சொல்லாததை வேலியைப் பிடித்தபடி, ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர். ஊரில் ஒரு ஆலை அணிக்கு நாலு வருடம் ஆடினீர். ஆடு, வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று வாயால் சொன்னார்கள். முழங்கால் உடைந்த மறுமாதம், அப்படி யார் சொன்னது என்று கேட்டார்கள். "என்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல வே. வாய்ச்சொல்லுக்கு ஆடுனேன். இந்தப் பயலுக்கும் இந்தக் கழகம் என்ன எழுதிக் குடுத்திருக்கு? ஒண்ணுமில்ல. அவன் போவலாம்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அது வேறை, இது வேறை. நன்றியெண்டு ஒண்டு இருக்கு" என்றேன்.

நீர் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர். "அவன் எதுலயும் கையெழுத்துப் போடல. நீரு போட்டிருக்கீரு. உமக்குப் பொறவு வரவேண்டிய மனுசன் கெதி என்ன?"

முந்தின கிழமைதான் சிட்னி வேலைக் கடிதத்தை உம்மிடம் காட்டியிருந்தேன். நீர் வாசித்துவிட்டு மடித்துத் தந்திருந்தீர். படிப்பு முடிந்ததும் திரும்பிவந்து கற்பிப்பேன் என்று கொழும்பில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். ஒருவர் திரும்பினால்தான் அடுத்தவரை அனுப்புவார்கள். எனக்கு அடுத்தவர், குணம் என்று ஒருவர். என்னோடு ஒரே அறையில் இருந்து விரிவுரைக்கு ஆயத்தம் செய்தவர். என்னை விமான நிலையத்தில் வழியனுப்பியவர். இதெல்லாம் உமக்கு நானே சொன்னதுதான். நல்ல ஆட்டமில்லாத நாட்களில், நேரம் போக்கச் சொன்னது.

நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தேன். "வே, நில்லும்" என்று ஒருதரம் கூப்பிட்டீர். உமக்கு முழங்கால் சுகமில்லை, பின்னால் வரமாட்டீர் என்று எனக்குத் தெரியும்.

கடைசி இரண்டு ஆட்டத்துக்கும் நான் வரவில்லை. அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டுச் சிட்னி ரயிலில் ஏறினேன். உமக்குச் சொல்லவில்லை.

இங்கே எனக்கு நல்ல வேலை. பென்டில் ஹில்லில் ஒரு அறை, காலையில் ரயில், பின்னேரம் ரயில். தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று உண்டு. தீபாவளிக்குக் கூப்பிடுவார்கள், போவேன். "தம்பி, கலியாணம் எப்ப?" என்று கேட்பார்கள். ஹொக்கி யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு மைதானம் இருப்பதைக் கண்டுபிடித்து முதற்பருவத்தில் நாலைந்து தரம் போனேன். நன்றாகத்தான் விளையாடினார்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்று மனதில் போட்டுப் பார்த்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு போவதை விட்டுவிட்டேன்.

பச்சைச் சட்டைக்காரர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டார்கள் என்று பத்திரிகையின் ஒரு மூலையில் கண்டேன். அன்று உமக்கு எழுத இருந்தேன். "கெவின் போனதாலைதான்" என்று நான் எழுதினால் நீர் என்ன பதில் எழுதுவீர் என்பது கூட எனக்குத் தெரியும். பேனையை எடுத்தபோது குணத்தைப் பற்றி நீர் கேட்டதுதான் முன்னால் வந்தது. வைத்துவிட்டேன்.

போன ஓகஸ்டில் வேலை விடயமாக மெல்பேர்ண் அனுப்பினார்கள். சனிக்கிழமை ஓய்வாக இருந்தது. நம்முடைய பூங்காவுக்குப் போனேன். வேலியில் நீர் இல்லை. கெவினைப் பார்க்கத்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருப்பீர் என்று எண்ணி, டிராமும் பஸ்ஸும் மாறிச் சிவப்புக் கழகத்தின் மைதானத்துக்குப் போனேன். வழி முழுக்க முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ஹாக்கி" என்று உம்மைப் போலவே சொல்லிச் சிரிப்பூட்டலாம் என்று தீர்மானித்தேன்.

ஆட்டம் தொடங்கவில்லை. கெவின் மைதான ஓரத்தில் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தான். உடம்பு வைத்திருந்தான். என்னைக் கண்டதும் நேரே வந்தான்.

"நீங்கள்தானே அந்தக் கோபக்கார நண்பர்? எனக்கு ஒரு புள்ளியும் தராதவர்?"

எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னான். நீர் இரண்டு பருவமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போயிருக்கிறீர். ஆட்டம் முடிந்ததும் பெட்டி அட்டையோடு அவனிடம் போவீராம். "இன்னைக்கு நான் உனக்கு மூணு போட்டேன். என் கூட்டாளி உனக்கு ஒண்ணும் போடல. அவருக்கு இன்னும் உன்மேல கோவம்" என்று உம்முடைய ஆங்கிலத்தில் சொல்லி, எனக்காக வேறு மூன்று பெயரையும், அதற்கு நான் சொல்லக்கூடிய காரணங்களையும் சொல்வீராம். கெவின் முதலில் நான் எங்கோ பின்னால் நிற்கிறேன் என்று நினைத்துத் தேடியிருக்கிறான். "அவர் சிட்னியில்" என்றீராம். "தொலைபேசியில் கேட்டீர்களா?" என்று அவன் கேட்க, "எதுக்கு? அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றீராம்.

"ஒரேயொரு நாள் உங்களிடமிருந்தும் எனக்கு ஒரு புள்ளி வந்தது" என்றான் கெவின். "மனம் கொஞ்சம் இளகிவிட்டது என்றார்."

"அவர் எங்கே?" என்று கேட்டேன்.

அவன் என் தோளில் கை வைத்தான். இரண்டு மாதத்திற்கு முன், ஒரு ஞாயிறு காலை, உம்முடைய அறையில். மாரடைப்பு. திங்கள் வேலைக்கு வரவில்லையென்று ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். கெவினும் இன்னும் ஐந்து விளையாட்டுக்காரருமாக உம்மைச் சுமந்திருக்கிறார்கள். "உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்க ஒருவரும் இருக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் நிற்பதுபோல ஒரு நிமிடம் வரிசையாக நின்றோம்" என்றான்.

கேட்க நான் இருந்தேன். ஒரு முகவரியை உமக்குத் தந்துவிட்டுப் போயிருந்தால் போதும்.

நடுவர் விசில் ஊதினார். கெவின் போகத் திரும்பி, பிறகு நின்றான். "நான் அன்றைக்குப் போனது பிழையென்று இன்னும் நினைக்கிறீர்களா?"

"இல்லை. நீ எதிலும் கையெழுத்து வைக்கவில்லை" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். நான் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை.

கழகத்துக்காரர் உம்முடைய ஊர் வீட்டு முகவரியைத் தந்தார்கள். உம்முடைய மனைவிக்கு எழுதினேன். தொழிற்சாலை அனுப்பிய தந்தியைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. நீர் யாரோடு இருந்தீர், என்ன சாப்பிட்டீர் என்று கேட்டு மகள் பதில் எழுதினாள். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமைகள் மட்டும். தெரிந்ததையெல்லாம் எழுதினேன், எட்டுப் பக்கம் வந்தது.

ஒன்று மிச்சம். குணம் வெளிநாடு வரவில்லை. நான் விலகியதும் என் இடத்து விரிவுரைகளும் அவர் தலையில் விழுந்தன. அவருடைய முறை வந்தபோது வயது எல்லை கடந்துவிட்டது. போன மாதம் எனக்கு எழுதியிருந்தார். ஒரு குற்றச்சாட்டும் இல்லை. மாணவருக்குத் தேவை, இங்கே கிடைக்கிற ஒரு புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்களைப் பிரதியெடுத்து அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். பிரதியெடுத்தேன். அதோடு, எனக்குப் பிறகு வரவேண்டியவர் கதி என்ன என்று நீர் அன்று கேட்ட கேள்வியை என் கையெழுத்தில் எழுதி, பிழை என்னுடையதென்றும் எழுதினேன். உம்மிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இன்று பின்னேரம் கந்தோர் விட்டதும் அதைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடிதம் கொழும்பு போய்ச் சேரப் பத்து நாள். குணம் மன்னித்து எழுதலாம், எழுதாமலும் விடலாம். எது வந்தாலும், அது சரியா பிழையா என்று பக்கத்தில் நின்று என்னோடு சண்டை பிடிக்க இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை.