இடது ஓரத்தில் அப்பா

அன்புள்ள தம்பி,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய, அப்பா துணை நடிகராக வந்த அந்தப் பழைய படத்தின் வீடியோ கேசட்டை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டாள். விண்கலத்துக்குள் இடது ஓரமாக, வெள்ளி உடுப்பில் நின்றதாக அப்பா ஆயுசு முழுக்கச் சொன்னாரே, அங்கே அவரைக் காணோம். படம் வந்தபோது நீ கைக்குழந்தை என்பதால் அம்மா தியேட்டருக்குப் போகவில்லை.

"பர்பாங்க் ஸ்டுடியோல ஷூட்டிங்னு தினம் கிளம்பினாரே உங்கப்பா வெண்டல், நிஜமா எங்கடி போனாரு?" என்கிறாள். அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

டிவிக்குப் பொருந்துவதற்காக படத்தின் இடது, வலது ஓரங்களை வெட்டிய கேசட் அது. முதலில் முழு அகலப் படத்தைத்தான் வாங்கினாய். மேலும் கீழும் கறுப்புப் பட்டையைப் பார்த்ததும், பாதிப் படத்தைக் காணோம் என்று கடையில் சண்டை போட்டு மாற்றிவிட்டாய். அதை ஃபோனில் பெருமையாக வேறு சொன்னாய்.

அம்மாவிடம் விளக்கினேன். "தம்பிக்கும் அப்பனுக்கும் சேர்த்தே வக்காலத்தா?" என்றாள்.

அவர் சட்டைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொடுக்க மூட்டை கட்டிவிட்டாள். கல்யாண மோதிரம் மட்டும் இன்னும் அவள் விரலில் இருக்கிறது. அந்தக் கறுப்புப் பட்டை கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே வா. தபாலில் அனுப்பித் தொலைக்காதே.

உன் அக்கா