மாளிகைக்கு முன்பக்கம் எது

ஜூன் 4, 2024, செவ்வாய்

நாள் முழுக்க ஜெஞ்சாரோம் ஊருக்கு அப்பால், கடலோரத்தில். அரச குடும்பத்தின் கோடைக்கால மாளிகையாம். இந்த நாட்டில் கோடை இல்லாத மாதம் எது என்று யாராவது சொல்லட்டும். ஏதோ ஒரு துங்கு, அந்தக் கால மலாய் இளவரசர், கடற்காற்று வாங்கக் குடும்பத்தோடு வந்து தங்குவாராம். இப்போது ஓர் அறக்கட்டளை அதை அருங்காட்சியகமாக்குகிறது. இருப்பதை அளந்து வரைந்து கொடுப்பது எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசின் வேலை. தரைப் பிளான் என் பொறுப்பு.

ரோட்டைப் பார்த்த வாசல், நடுவில் கூடம், இருபுறமும் அறைகள். பின்னால், கடலை மறைக்கும் சதுப்புநிலக் காட்டைப் பார்த்தபடி, நீளமாக ஒரு கூரை. சுவரெல்லாம் கரி. ‘சமையல்கட்டு, பிற்காலத்தில் சேர்த்தது’ என்று எழுதிவிட்டேன்.

ஜூன் 8, சனி

பிளானைப் பார்த்து பாஸ் சுகுமாறன், “நீட்டா இருக்கு லா” என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

ஜூன் 19, புதன்

சமையல்கட்டை இடித்துவிட்டுக் கார் நிறுத்தவும் கழிவறைக்கும் இடம் ஒதுக்கப் போகிறார்கள். ஜூலை முதல் வாரத்தில் வேலை ஆரம்பம். என் பிளானை வைத்துத்தான் முடிவு செய்தார்களாம்.

ஜூன் 22, சனி

சில படங்கள் விட்டுப்போனதால் திரும்பப் போனேன். சமையல்கட்டுப் படியோரத்தில் சிறிய தொட்டி ஒன்று, சுற்றிலும் சுண்ணாம்பில் பூவேலை. அன்று செடிக்குள் மறைந்திருந்தது. மலாய்க்காரர் வீட்டில் கால் கழுவத் தண்ணீர் வைப்பது முன்படியில். அடுப்பங்கரைக்குப் போகிற காலுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்? படியும் நாலு பேர் கைகோத்து ஏறும் அகலம்.

நான் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். முன்னால் ரோடு, பின்னால் அடுப்பு. வீடு என்றால் எனக்கு அதுதான். ரோட்டைப் பார்த்ததும் அதுவே முன்பக்கம் என்று முடிவுகட்டிவிட்டேன். இந்த ரோடு எப்போது வந்தது? இங்கே ரப்பர் தோட்டம் போட்டபோது வந்தது. அதற்கு முன்னால் துங்கு எப்படி வந்திருப்பார்?

படகில்! அப்படியானால் கடல் பக்கம்தான் முன்வாசல். சுவரில் இருக்கும் கரி பிற்காலத்தில் யாரோ குடியிருந்து சமைத்ததாக இருக்கலாம். இருக்கலாம்தான். நிரூபிக்க வேண்டுமே.

ஜூன் 23, ஞாயிறு

“சர்ச்சுல பூசைக்கு வராம எங்கடி போற?” என்றார் அம்மா. “கூரை மேல ஏறப் போறேன்மா” என்றேன். முறைத்தார்.

கூரைக்குள் வௌவால் நாற்றம். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டேன். ஆனால் பார்த்துவிட்டேன். வீட்டின் நடுக்கூடத்தில் தொடங்கும் உத்தரம், வெட்டும் இல்லாமல் ஒட்டும் இல்லாமல், கடல் பக்கக் கூரை வரை ஒரே மரமாக ஓடுகிறது. பிறகு சேர்த்திருந்தால் எங்காவது இணைப்பு இருக்கும். இல்லை. இரண்டும் ஒரே நாளில் எழும்பியவை. அது சமையல்கட்டே இல்லை, வருகிறவர்களை வரவேற்ற கூடம். கடல் பின்வாங்கி, சேறு மேடாகி, காடு வளர்ந்து முன்வாசலை மறைத்துவிட்டது.

சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் எழுதின ஒரு வரியால அதை இடிக்கப் போறாங்க.

ஜூன் 24, திங்கள்

பாஸிடம் சொன்னேன்.

“இப்ப போயி நாங்க தப்பா வரைஞ்சிட்டோம்னு சொல்லவா? அடுத்த கட்ட வேலை நமக்குக் கிடைக்குமா?”

“சொல்லலன்னா கூடம் போயிடும் பாஸ்.”

“வரைஞ்சது நீதானே?”

“நான்தான்.”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 25, செவ்வாய்

திருத்திய பிளானையும் உத்தரத்தின் படங்களையும் அறக்கட்டளைக்கு நானே அனுப்பிட்டேன். பாஸுக்கும் ஒரு நகல். செஞ்சது சரியா? அவரு ஆபீஸு, அவரு பேரு — நான் யாரு? ஆனா சும்மா இருந்திருந்தா தூங்க முடியுமா?

ஜூலை 3, புதன்

இடிப்பது நின்றது. அடுத்த கட்ட வேலை வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. பாஸ் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. என்னோடு பேசவும் இல்லை. காஜாங்கில் ஒரு அடுக்குமாடிக்குக் கழிவறை வரையச் சொல்லி ஈமெயில் மட்டும் வந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

இன்னும் ஈமெயில்தான். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவே ஒரு ஜெராக்ஸ் மெஷின்.

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

மாளிகை திறந்தாயிற்று. ஆபீசில் யாரிடமும் சொல்லாமல் போனேன். போர்டில் புதுக் கம்பெனியின் பெயர். எரிச்சலாகத்தான் இருந்தது. எப்படி இல்லாமல் இருக்கும்?

ரோட்டோரம் கார் நிறுத்தும் இடத்தில் பாஸ். பக்கத்தில் குடை பிடித்தபடி அவர் மனைவி லோகேஸ்வரி அக்கா. நான் தூணோரம் ஒதுங்கினேன். அக்கா ரோட்டுப் பக்கத்து வாசலை நோக்கி நடந்தார்.

“கதவு திறந்துதானே இருக்கு? இப்படியே போயிடலாங்க. வெயில் மண்டைய பொளக்குது.”

“அது பின்வாசல். முதல் தடவை வர்றவங்க அப்படி நுழையக் கூடாது. சுத்தி வா.”

சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் தூணைவிட்டு வெளியே வந்தேன்.

“ஸ்டெஃபனி, ஏன்னு நீயே அக்காகிட்ட சொல்லு” என்றார்.

அக்காவின் குடைக்குள் புகுந்து, படகுகள் வந்து நின்ற இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.