வராத ஏழு பேரின் வலைகள்

அனுப்புநர்
ரொவீனா சக்கனீ (வயது 17),
வபோஸ் ஏரி,
வட ஒன்டாரியோ, கனடா.

பெறுநர்
திட்ட இயக்குநர் அவர்கள்,
வடபுல இளைஞர் திட்டங்கள் அலுவலகம்.

பொருள்: வபோஸ் ஏரி வலைப் பயிற்சி – வருகைக் குறைவைக் காட்டி நிறுத்தும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பனிக்கட்டிக்கு அடியில் வலை போடும் பயிற்சி எங்கள் ஊரில் நவம்பர் முதல் நடக்கிறது. அதன் வருகைப் பதிவேட்டை எழுதுபவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பயிற்சியை நடத்தும் டெல்மா சித்தி இந்த வேலையைக் கொடுத்தார். யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

2. பிப்ரவரியில் தங்கள் மதிப்பீட்டாளர் ஒரு நாள் வந்து சென்றார். அவருடைய அறிக்கை சென்ற வாரம் கிடைத்தது. பதினொரு பேரில் ஏழு பேர் இடையில் நின்றுவிட்டனர், கற்ற பலன் குறைவு, மார்ச் 31-உடன் பயிற்சியை நிறுத்தலாம் என்று அதில் உள்ளது. டெல்மா சித்தி அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதிருக்காங்க. நம்ம ஏரிய மட்டும் பாக்கல" என்றார்.

3. அந்த ஏழு பேருக்கும் "வரவில்லை" என்று குறித்தது என் கைதான். குறித்ததில் பொய் இல்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதலாமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் நேர்ந்ததுதான் இந்த அறிக்கை என்று நினைக்கிறேன். அதைச் சரிசெய்யவே இந்த மனு.

4. தனியாக வலை போடத் தெரிந்தவர் மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வரமாட்டார். காலையில் அவர் தன் வலையைப் பார்க்கப் போக வேண்டும். போகாவிட்டால் பனிக்கட்டியில் வெட்டிய துளை உறைந்து மூடிவிடும், மீனும் வீணாகும். முதலில் நின்றவர் கார்னெட் அண்ணன். டிசம்பரில் அவர் வராத முதல் நாள், டெல்மா சித்தி எல்லோர் முன்னும், "அப்பாடா, ஒருத்தன் தொலஞ்சான்! அடுத்தது யாருப்பா?" என்று கைதட்டினார். எல்லோரும் சிரித்தோம். நான் அவர் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதினேன்.

5. மதிப்பீட்டாளர் நின்றவர்களையும் கூப்பிட்டு விசாரித்தார். அது நியாயமான செயல். "வலை போடக் கற்றுக்கொண்டீர்களா?" என்று கார்னெட் அண்ணனிடம் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ கொஞ்சம்" என்றார். கற்றுக்கொடுத்தவர் அருகில் நிற்கும்போது "எனக்குத் தெரியும்" என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். மதிப்பீட்டாளரின் தாளில் அவருக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண் விழுந்தது. அன்று காலை அவர் வலையில் முப்பத்திரண்டு வெள்ளைமீன் இருந்தன. அதில் பாதியை நான்கு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் அங்கே வந்திருந்தார்.

6. ஒரு பயிற்சியால் பலன் உண்டா என்பதை நாங்கள் வேறு விதமாகப் பார்க்கிறோம். ஊர் வானொலியில் பேசும் மரியன் அத்தையிடம் கேட்டேன். "போன வருஷம் தெனமும் யாராவது போன் பண்ணி, மீன் இருந்தா கொஞ்சம் குடுங்கன்னு சொல்லச் சொல்லுவாங்க. இந்த வருஷம் ஒரு ஆளு இல்லடி. பாட்டப் போட்டே ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு நானே ஏரியின் மேல் நடந்து எண்ணினேன். ஒவ்வொரு வலைக்கும் இரு முனையிலும் துணி கட்டிய கம்பு நிற்கும். சென்ற குளிர்காலத்தில் மூன்று வலைகள் இருந்தன. இப்போது பத்து இருக்கின்றன. மதிப்பீட்டாளரின் விமானம் அந்தக் கம்புகளுக்கு மேலேதான் பறந்து வந்தது.

7. இன்னும் வந்துகொண்டிருக்கும் நால்வர்தான் கற்று முடிக்காதவர்கள். மூவருடைய வீட்டில் பனிக்கட்டியில் வேலை செய்தவர் யாரும் இல்லை. நான்காவது நான். ஒரு துளை வழியே வலை உள்ளே போகும்போது, தூரத்துத் துளையில் நின்று கயிற்றை இழுப்பவரிடம் "இழு", "நிறுத்து" என்று உரக்கச் சொல்ல வேண்டும். என் குரல் அவ்வளவு தூரம் போகாது. அதனால் இரண்டு வலைகள் கிழிந்தன. "மீனுக்குக் கேட்டுடும்னு பயமாடி? கத்து!" என்று சித்தி கேலி செய்வார். சென்ற செவ்வாய்க்கிழமை "நிறுத்து" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். இதைக் குறிக்கவும் அந்தத் தாளில் இடம் இல்லை. பயிற்சி இப்போது நின்றால் நாங்கள் நால்வரும் பாதியில் நிற்போம். உண்மையில் இடைநின்றவர்கள் நாங்கள்தான் ஆவோம்.

8. ஆகவே, அறிக்கையில் ஏழு பேருக்கும் உள்ள "இடைநின்றவர்" என்ற சொல்லை நீக்கி, "சொந்த வலை உண்டு" என்று திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மதிப்பீட்டுக்கான கேள்விகளை எங்கள் ஊரார் கூடி எழுதட்டும். பார்க்க வேண்டிய இடத்தையும் அவர்களே காட்டட்டும். மதிப்பீட்டாளர் மறுபடி வந்தால் ஏரிக்கு நானே அழைத்துச் செல்கிறேன்.

பயிற்சியை ஒருவரும் வராமல் போகும் நாள்வரை நடத்த அனுமதி தர வேண்டுகிறேன். அன்று என் பெயருக்கு எதிரேயும் "வரவில்லை" என்று நானே எழுதி, அந்தப் பக்கத்தைத் தங்களுக்கு அனுப்பிவைப்பேன்.

இணைப்பு: பத்து வலைகளும் இருக்கும் இடம், கையால் வரைந்தது.

இடம்: வபோஸ் ஏரி
நாள்: 6 மார்ச் 2023

பணிவுடன்,
ரொவீனா சக்கனீ