பச்சைப் பெயிண்ட் அடித்த துப்பாக்கி

நேற்று நம் மகன் வீட்டில் ஆசாரி புதுக் கட்டிலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் இருந்த எனக்கு அந்த வாசனை பட்டதும் வேலை ஓடவில்லை. வெளியே வந்து, "ஆளி விதை எண்ணெயுங்களா?" என்று கேட்டேன். ஆசாரி ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்கு எப்பிடிங்கம்மா தெரியும்?"

"பாதி ஆயுசு இந்த வாசனையோடதான் குடும்பம் பண்ணுனேன்" என்றேன்.

நாம் சேர்ந்திருந்த காலத்தில் உங்கள் துப்பாக்கிக்கு வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல் நடக்கும். மலை மேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை, ஊருக்குத் திரும்பும்போது மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் போன ரைஃபிள் அது. குச்சிக்கிழங்குக் காட்டைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற என்று லைசென்ஸ் வாங்கியிருந்தீர்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், அது தலையணை மேல் வாயைக் கவிழ்த்து நின்றது. எனக்குக் கொடுத்ததைவிட நல்ல தலையணை. ஏனென்று கேட்டதற்கு, "நிமித்தி வெச்சா கொழல்ல இருக்கற எண்ண கட்டையில எறங்கிரும் புள்ள. மரம் ஊறிப்போச்சுன்னா அவ்வளவுதான்" என்றீர்கள். கட்டை என்றால் தோளில் வைத்துப் பிடிக்கும் மரப் பாகம். இரும்பைத் துடைக்கும்போது அதன் மேல் ஒரு சொட்டுக்கூட விழாதபடி துணி சுற்றுவீர்கள். இரும்புக்கு ஒரு எண்ணெய், மரத்துக்கு ஒரு எண்ணெய், இரண்டுக்கும் தனித்தனித் துணி. என் பழைய சேலைகள் எல்லாம் அப்படித்தான் போயின.

பன்றிகள் வரும்போது மட்டும் துப்பாக்கி ஒருநாளும் முழுசாக இருந்ததில்லை. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், நடுவில் நீங்கள். பக்கத்துக் காட்டுக்காரி என்னிடம், "உங்கூட்டுக்காரரு எண்ண போடற நாளு பன்னிங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குதுக்கா" என்பாள்.

தர்மபுரி தனி மாவட்டமான புதிதில் ஒரு தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நீங்கள் அதை என் கல்யாணப் போர்வையில் சுற்றி எடுத்துப்போனீர்கள். போர்வையைத் திருப்பிக் கொண்டுவர மனமில்லாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள். அப்புறம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் எண்ணெய்க் குப்பியோடு ஸ்டேஷனுக்கும் போனீர்கள். "செவுரு ஓதமா இருக்குதுங்க, கொஞ்சம் தள்ளி வைங்க" என்று கெஞ்சியிருக்கிறீர்கள். ஏட்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனய்யா, பொண்ணக் கட்டிக் குடுத்த வூட்டுக்கு வந்து போறாப்பல வர்ற? நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றாராம்.

பார்த்துக்கொண்டார். தேர்தல் முடிந்து திருப்பி வாங்கப் போனபோது நானும் உங்களோடு வந்தேன், போர்வையை மீட்பதற்காக. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று ஸ்டேஷன் சன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. ஏட்டு உள்ளே போய், கிளிப்பச்சையில் ஒரு துப்பாக்கியை எடுத்து வந்து உங்கள் கையில் கொடுத்தார்.

"நீ வந்து வந்து கவலப்பட்டியேன்னுதான் உன்னுதுக்கு மட்டும் ரெண்டு கோட்டு அடிச்சேன்" என்றார்.

மனுஷர் அன்பாகத்தான் செய்திருந்தார். நீங்கள் துப்பாக்கியோடு சேர்த்துக் கும்பிட்டீர்கள். பஸ்ஸில் யாரோ ஒரு குழந்தை அதைப் பார்த்து விளையாட்டுச் சாமான் என்று கேட்டு அழுதது. நான் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை. அப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சீமெண்ணெயில் ஊற வை என்றார்கள், உப்புக் காகிதத்தில் தேய் என்றார்கள், சோடாக்காரம் போடு என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தீர்கள். மரம் வெளுத்துப் போய்விடும், ரேகை அழிந்துவிடும் என்றீர்கள். கண்ணாடித் துண்டின் விளிம்பால், மர ரேகை ஓடும் போக்கிலேயே, தோல் தோலாக வழித்தீர்கள். கண்ணாடி ஏது என்று நான் கேட்கவில்லை. சுவரில் இருந்த நம் கல்யாணப் போட்டோ ஒருநாள் பளபளப்பில்லாமல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் கண்ணாடியைக் காணோம்.

"ஏனுங்க, போட்டோ கண்ணாடி எங்க?"

"உன்னயத்தான் தெனம் நேர்ல பாக்கறனே புள்ள. அதுக்கெதுக்குக் கண்ணாடி?"

போட்டோ மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

மாசக் கணக்கில் வழித்து, துடைத்து, எண்ணெய் ஏற்றி, ஒரு சாயங்காலம் பூட்டி முடித்தீர்கள். பழைய காப்பி நிறம் திரும்பியிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தத் துப்பாக்கி முழுசாக நம் வீட்டில் நின்றது.

மறுநாள் விடியும் நேரம் மாட்டுக்குத் தீனி போடப் போனேன். கிழங்குக் காட்டு ஓரத்தில் ஒரு தாய்ப்பன்றி, பின்னால் முதுகில் கோடு போட்ட குட்டிகள். உங்களை எழுப்ப ஓடி வந்தேன். நீங்கள் முன்னமே எழுந்து, பின்வாசலில் துப்பாக்கியோடு நின்று அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மாட்டுக்கொட்டகை மறைவில் நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் தோளில் வைத்துப் பிடித்தீர்கள். பிறகு இறக்கினீர்கள். தரையில் உட்கார்ந்து, துணியை விரித்து, போல்ட்டைக் கழற்றி வைத்தீர்கள்.

நான் அப்போதுதான் வருகிற மாதிரி வந்தேன்.

"ஈரம் பட்டிருச்சாட்டம் இருக்குது புள்ள" என்றீர்கள், தலை நிமிராமல். "சரியா இந்நேரம் பாத்து வந்துருக்குதுங்க பாரு."

நான் பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். அந்த வருஷம் கிழங்கில் பாதிதான் மிஞ்சியது. அதற்குப் பிறகு காட்டைக் காத்தது நானும் தட்டும்தான்.

நீங்கள் போன பிறகு துப்பாக்கியை ஒப்படைக்கப் போனேன். இளவயது இன்ஸ்பெக்டர் குழலுக்குள் பார்த்தார், கட்டையைத் தடவினார். "புதுசாட்டம் வெச்சிருக்காரே. இதுல எத்தன பன்னிம்மா வுழுந்துச்சு?" என்று கேட்டார்.

"கணக்கு வெச்சுக்கலீங்க" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். அன்று பின்வாசலில் நான் பார்த்ததை அவரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொன்னதில்லை. அது இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சில நாள் வேலைக்கு நடுவில் நினைத்துச் சிரித்துவிடுகிறேன். மருமகள் ஏன் என்று கேட்டால், தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிடுகிறேன்.